ஒன்பது லிட்டர் வரவு செலவு

2024 டிசம்பர் முதல் வாரத்தில் பல்லாவரத்திலும் அதையொட்டிய கன்டோன்மென்ட் பகுதியிலும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சாக இருந்தது: வாந்தி, வயிற்றுப்போக்கு. குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 30ஐத் தாண்டியது. உயிரிழப்புகளும் நேர்ந்தன. குழாய்த் தண்ணீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று அங்கே குடியிருப்பவர்கள் குற்றம் சாட்டினார்கள். அரசுத் தரப்பு அதை உடனே ஏற்கவில்லை. தண்ணீர் மாதிரிகள் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன.

காரணத்தைப் பற்றிய விவாதம் செய்தித்தாள்களில் சில நாள் ஓடியது. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. முந்தின நாள்வரை நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஒருவர், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல், ஒன்றிரண்டு நாளில் உயிருக்குப் போராடும் நிலைக்கு எப்படிப் போய்விடுகிறார்?

விடை நம் குடலுக்குள் தினமும் நடக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது. செரிமானம் என்றதும் பலருக்கும் இரைப்பையும் அமிலமும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் செரிமான மண்டலத்தின் வேலையில் பெரும்பங்கு தண்ணீரை ஊற்றுவதும் திரும்ப எடுப்பதும்தான்.

கணக்கு இதுதான். நாம் ஒரு நாளில் குடிப்பதும் உணவோடு உள்ளே போவதும் சேர்த்துச் சுமார் 2 லிட்டர். வாயில் சுரக்கும் உமிழ்நீர் ஒன்றரை லிட்டர் வரை. இரைப்பைச் சாறு இரண்டு முதல் இரண்டரை லிட்டர். கல்லீரலின் பித்தநீர் அரை லிட்டருக்கு மேல். கணையநீர் ஒன்றரை லிட்டர். குடலின் சுவரே சுரப்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். எல்லாம் சேர்ந்தால் 9 லிட்டர். இதில் 7 லிட்டர் வெளியிலிருந்து வந்ததல்ல, நம் ரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு பெரியவரின் உடலில் ஓடும் ரத்தமே ஐந்து லிட்டர்தான். அதைவிட அதிகமான நீரை உடல் தினமும் குடலுக்குள் இறக்கி, உணவைக் கரைத்து, பிறகு ஏறக்குறைய முழுவதையும் மீட்டுக்கொள்கிறது. மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே.

இந்த மீட்பு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைத்தான் ஒவ்வொரு வாந்திபேதிப் பரவலும் காட்டுகிறது.

காலை இட்லியின் பயணம்

தாம்பரம் ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள ஒரு சிற்றுண்டிக் கடையில் காலை எட்டு மணிக்கு இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டுவிட்டு, கடற்கரை ரயிலைப் பிடிக்கும் ஓர் அலுவலகப் பணியாளரை எடுத்துக்கொள்வோம்.

செரிமானம் அவர் வாயிலேயே தொடங்கிவிடுகிறது. பற்கள் இட்லியை அரைக்கின்றன. உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி அரிசியின் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது. இட்லியையோ சோற்றையோ வாயில் வைத்து நெடுநேரம் மென்றால் லேசாக இனிக்கிறதல்லவா, அது இந்த வேலையின் விளைவு. ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அரைகுறையாக மென்று விழுங்குபவர் இந்த முதல் கட்டத்தைக் கிட்டத்தட்ட இழந்துவிடுகிறார்.

விழுங்கும் கணத்தில் குரல்வளை மூடி மூச்சுக்குழாயின் வாயை அடைக்கிறது. உணவு அதைத் தாண்டி, சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய்க்குள் இறங்குகிறது. அது தானாக விழுவதில்லை. குழாயின் தசைகள் மேலிருந்து கீழாக வரிசையாகச் சுருங்கி உணவைத் தள்ளுகின்றன. படுத்திருந்தாலும் விழுங்க முடிவது இதனால்தான். பத்து விநாடிக்குள் உணவு இரைப்பையை எட்டிவிடுகிறது.

உணவுக்குழாய் முடிந்து இரைப்பை தொடங்கும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. உணவை உள்ளே விட்டதும் அது இறுகி, அமிலம் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் இரவுப் பணி முடித்து, நள்ளிரவில் பிரியாணியோ பரோட்டாவோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பவர்களுக்கு நெஞ்செரிச்சல் வருவது இந்த வளையத்தின் மேல் விழும் சுமையால். நிறைந்த இரைப்பையோடு படுக்கும்போது அமிலம் வளையத்தைத் தாண்டிக் கசிகிறது. உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடச் சொல்லி மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

கடற்கரை ரயில் தாம்பரத்திலிருந்து கடைசி நிலையம் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அவர் இறங்கும்போதும் காலை உணவின் பெரும்பகுதி இரைப்பையில்தான் இருக்கும். இரைப்பை உணவை இரண்டு முதல் நான்கு மணி நேரம் வைத்துக் கடைகிறது. இட்லி மட்டும் என்றால் சீக்கிரம் நகர்ந்துவிடும். எண்ணெயில் பொரித்த வடை சேரும்போது நேரம் நீளும்; கொழுப்பு இரைப்பையின் வாசலைத் தாமதமாகத் திறக்க வைக்கிறது.

அமிலத்தின் வீடு

இரைப்பை சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உலோகத்தையே அரிக்கும் வகை. உணவோடு வரும் கிருமிகளில் பலவற்றை அது அழிக்கிறது. பெப்சின் என்ற நொதியை இயக்கிப் புரதத்தை உடைக்க வைக்கிறது. இரைப்பையை அதன் அமிலமே தின்றுவிடாமல் காப்பது உட்சுவரில் படிந்திருக்கும் கோழைப் படலம். இங்கே சுரக்கும் இன்னொரு புரதமும் முக்கியம். வைட்டமின் பி12ஐக் கைப்பிடித்து அழைத்துப்போய், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒப்படைப்பது அதுதான்.

கோழைப் படலம் பழுதடைந்தால் புண் வருகிறது. சென்ற நூற்றாண்டில் தென்னிந்தியாவின் அரிசி உண்ணும் பகுதிகளில் முன்சிறுகுடல் புண் மிகப் பரவலாக இருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் இதற்காக ஏராளமான அறுவை சிகிச்சைகளைச் செய்தவர் ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1922, 1924 ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணக் குழுக்களில் இடம்பெற்ற மலையேற்ற வீரர் அவர். இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது நெய்யூரில் நோயாளிகளின் கூட்டத்தையும் மருத்துவர் பற்றாக்குறையையும் கண்டு, லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார்.

அந்தக் காலத்தில் புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும் என்றே நம்பப்பட்டது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை இரைப்பையில் கண்டறிந்தார்கள். அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று மருத்துவ உலகம் மறுத்தது. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகி, தம் கூற்றை மெய்ப்பித்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கத்தியால் மட்டுமே தீரும் என்றிருந்த நோய் இன்று பெரும்பாலும் இரண்டு வார மாத்திரைகளில் தீர்கிறது. கிருமிக்கு அடுத்த பெரிய காரணம் வலிமாத்திரை. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவர்கள் தங்கள் கோழைப் படலத்தைத் தாங்களே கரைக்கிறார்கள்.

உண்மையான உழைப்பாளி

இரைப்பை இல்லாமலும் மனிதர் வாழ முடியும். புற்றுநோய்க்காக இரைப்பை முழுவதையும் அகற்றியவர்கள் சிறிது சிறிதாகச் சாப்பிட்டு, பி12 ஊசி போட்டுக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். சிறுகுடல் இல்லாமல் வாயால் சாப்பிட்டு வாழ முடியாது. செரிமானத்தின் பெரும்பகுதியும், சத்துகளை ரத்தத்தில் சேர்க்கும் வேலையில் ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் நடக்கிறது.

அதன் முதல் 25 சென்டிமீட்டர் முன்சிறுகுடல். இரைப்பையிலிருந்து அமிலக் கூழ் கொஞ்சம் கொஞ்சமாக இங்கே வந்து விழுகிறது. அமிலம் பட்டதும் குடல் சுவர் செக்ரெடின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அந்தச் செய்தி கிடைத்ததும் கணையம் காரத்தன்மையுள்ள நீரை அனுப்பி அமிலத்தை முறிக்கிறது. 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் இதைக் கண்டறிந்தார்கள். ஹார்மோன் என்று அறியப்பட்ட முதல் பொருளே இந்தக் குடல் ஹார்மோன்தான். கணையநீரில் மாவுச்சத்தையும் புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கும் நொதிகள் வருகின்றன. கல்லீரல் தயாரித்துப் பித்தப்பை சேமித்துவைத்த பித்தநீர், வடையின் எண்ணெயை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. அப்படிச் சிதறினால்தான் நொதி அதைத் தொட முடியும்.

அதன் பிறகு வருவது பல மீட்டர் நீளச் சுருள். மருத்துவப் பாடநூல்கள் சிறுகுடலின் நீளத்தை ஆறு மீட்டர் என்று சொல்லும். உயிரோடு இருக்கும் உடலில் தசைகள் இறுகியிருப்பதால் அதைவிடக் குறைவு. நீளத்தைவிட வியப்பானது அதன் உட்பரப்பு. குடலின் உள்ளே மடிப்புகள். மடிப்புகளின் மேல் ஒரு மில்லிமீட்டர் உயரமே உள்ள குடலுறிஞ்சிகள். ஒவ்வொரு உறிஞ்சியையும் போர்த்தியிருக்கும் செல்களின் தலையில் கண்ணுக்குத் தெரியாத இன்னும் நுண்ணிய இழைகள். இவை எல்லாவற்றையும் விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று நீண்ட காலம் எழுதப்பட்டது. 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நவீன நுண்ணோக்கிகளால் மறுபடி அளந்து, சுமார் 30 சதுர மீட்டர் என்று திருத்தினார்கள். அதாவது 320 சதுர அடி. ஒரு வயிற்றுக்குள் அடங்கிய பரப்பு என்று பார்த்தால் அதுவே பெரிது.

இந்தப் பரப்பில் குளுக்கோசும் அமினோ அமிலங்களும் ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பு நிணநீர் வழியாகப் போகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதி பி12ஐ எடுத்துக்கொள்கிறது. பித்த உப்புகளில் 95 சதவீதத்தை மீட்டுக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்புகிறது. அதே கடைசிப் பகுதிதான், பெருங்குடலோடு அது சேரும் இடம்தான், குடல் காசநோய் மிக அதிகமாகத் தாக்கும் இடமும். தாம்பரம் சானடோரியம் 1928இல் காசநோய்க்கென்றே தொடங்கப்பட்ட மருத்துவமனையால் பெயர் பெற்ற ஊர். காசம் என்றால் நுரையீரல் மட்டும் என்று எண்ணுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: வாரக்கணக்கில் வயிற்றுவலி, மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்றால் குடலையும் பார்க்க வேண்டும்.

சிறுகுடலின் மதிப்பு என்ன என்பதைக் குரோம்பேட்டையில் நடந்த ஓர் அறுவை சிகிச்சை சொல்லும். பெங்களூரைச் சேர்ந்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. முறுக்கிய குடலுக்கு ரத்தம் போவது நின்று, குடல் அழுகிவிட்டது. அதை அகற்றாமல் உயிரைக் காக்க முடியாது. அகற்றியபின் சாப்பிட்டதை ஏற்கக் குடல் இல்லை. சத்துகள் முழுவதையும் ரத்தக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியதாயிற்று. இந்த முறையில் உயிர் நிற்கும். ஆனால் மாதங்கள் போகப்போகக் கிருமித் தொற்றும் கல்லீரல் பாதிப்பும் துரத்தும். 2022இல் குரோம்பேட்டையில் உள்ள ரேலா மருத்துவமனையில் அவனுடைய தந்தையின் சிறுகுடலிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டர் எடுத்து அவனுக்குப் பொருத்தினார்கள். தந்தைக்கு எஞ்சிய குடல் போதுமானது. மகனுக்கு அந்த 150 சென்டிமீட்டர் மறுபடி வாயால் சாப்பிடும் வாழ்க்கையைத் தந்தது.

கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்கு உலகப் புகழ் பெற்ற மருத்துவர் முகமது ரேலா நிறுவிய மருத்துவமனை அது. 1997இல் லண்டனில், பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்குக் கல்லீரல் மாற்றியவர் அவர். ஆனால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும்விடக் குடலை மாற்றுவது கடினம். உடலின் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடலைச் சுற்றியே முகாமிட்டிருக்கிறது. வெளியிலிருந்து வரும் குடலை அவை எளிதில் ஏற்பதில்லை. உள்ளே கோடானுகோடி பாக்டீரியா வேறு. இத்தனை தடைகளையும் மீறி அதைச் செய்ய வேண்டியிருப்பதே, சிறுகுடலுக்கு மாற்று எதுவும் மனிதர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதற்குச் சான்று.

கடைசி ஒன்றரை மீட்டர்

அலுவலகத்தில் மதிய உணவு நேரம் நெருங்கும்போது காலை இட்லியின் மிச்சம் சிறுகுடலில் நகர்ந்துகொண்டிருக்கும். பிற்பகலில்தான் அது பெருங்குடலை எட்டத் தொடங்கும். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் அவசரப்படுவதில்லை. ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு, மிஞ்சிய ஒரு லிட்டருக்கு மேற்பட்ட நீரையும் உப்பையும் உறிஞ்சுகிறது.

அங்கே குடியிருக்கும் பாக்டீரியா நமக்குச் செரிக்காத நார்ச்சத்தை நொதிக்க வைத்து, பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் செல்களுக்கு முதன்மையான உணவு அதுதான். கீரையும் வாழைத்தண்டும் அவரையும் மறைமுகமாக நம் குடல் சுவருக்கே சோறு போடுகின்றன. நார் குறைந்த உணவும் குறைவான தண்ணீரும் நெடுநேரம் உட்கார்ந்த வேலையும் சேர்ந்தால் மலச்சிக்கல். காலைக் காபி குடித்ததும் கழிப்பறை நினைவு வருவதற்கும் காரணம் உண்டு. இரைப்பை நிறையும்போது பெருங்குடலைச் சுருங்கச் சொல்லும் ஒரு நரம்புத் தொடர்பு இருக்கிறது. குடலின் சுவருக்குள்ளேயே பல கோடி நரம்பணுக்கள் இருப்பதால், மூளையைக் கேட்காமலே அது தன் வேலையைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறது.

கணக்கு தலைகீழாகும்போது

இனி பல்லாவரத்தில் எழுந்த கேள்விக்கு வரலாம்.

வயிற்றுப்போக்கில் மிகக் கொடியது காலரா. அதன் கிருமி குடலைக் கிழிப்பதில்லை. குடலின் செல்களுக்குள் ஒரு நச்சைச் செலுத்தி, உப்பும் நீரும் வெளியேறும் வாயிலைத் திறந்தபடியே பூட்டிவிடுகிறது. இந்த நச்சை 1959இல் மெய்ப்பித்தவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் போகும். ஐந்து லிட்டர் ரத்தம் உள்ள உடல் அதை எத்தனை மணி நேரம் தாங்கும்? ரத்தம் கெட்டிப்பட்டு, அழுத்தம் இறங்கி, சிறுநீரகம் நின்றுவிடும். மற்ற பல கிருமிகளாலும் ரோட்டா வைரசாலும் வரும் வயிற்றுப்போக்கு இதைவிட மெதுவானது. கொல்லும் வழி பெரும்பாலும் இதுவே. குழந்தைகளிடம் நீர்க் கையிருப்பு குறைவு. அவர்கள் விரைவில் சரிந்துவிடுகிறார்கள்.

தமிழ்நாடு இந்த நோயின் வரலாற்றில் ஓரத்தில் நின்ற மாநிலமல்ல. 1992இல் உலகம் அதுவரை அறியாத ஒரு காலரா வகை, ஓ139, முதலில் தலைகாட்டிய இடம் சென்னை. அங்கிருந்து அது வேலூர், மதுரை, கல்கத்தா, வங்கதேசம் என்று பரவியது.

காலரா நச்சு செல்லின் ஒரு வாயிலைத்தான் கெடுக்கிறது. இன்னொரு வாயில் நோயின்போதும் சேதமில்லாமல் இருக்கிறது. அந்த வாயிலில் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து வந்தால் மட்டுமே இரண்டும் உள்ளே போகும். அவற்றைத் தொடர்ந்து தண்ணீரும் போகும். வெறும் தண்ணீர் கொடுத்தால் நிற்காது. உப்புநீர் மட்டும் கொடுத்தாலும் போதாது. உப்போடு சர்க்கரை சேர வேண்டும். அமெரிக்க அறிவியலர் ராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்த இந்தக் கருத்துதான் உப்பு சர்க்கரைக் கரைசலின் அடிப்படை.

1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ரத்தக் குழாயில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் குளுக்கோசும் உப்பும் சமையல் சோடாவும் கலந்த கரைசலைப் பெரிய பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் தாய்மாரிடமும் உறவினரிடமும் கொடுத்து ஊட்டச் சொன்னார். மருத்துவரோ செவிலியரோ இல்லாமல் உறவினர் கையால் கொடுக்கும் மருந்தை அப்போது நிபுணர்கள் நம்பவில்லை. முகாமில் 30 சதவீதம் வரை போன இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. 1978இல் லான்செட் மருத்துவ இதழ், குளுக்கோசும் சோடியமும் சேர்ந்தே உள்ளே போகின்றன என்ற கண்டுபிடிப்பு அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. மஹாலனபிஸ் 2022இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

வேலூர் சொன்னது

நீரிழப்பு மட்டும் பிரச்சினை அல்ல. குடலுறிஞ்சிகளைப் போர்த்திய செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து புதிதாகின்றன. அதனால்தான் சாதாரண வயிற்றுப்போக்குக்குப் பிறகு குடல் சில நாளில் தேறிவிடுகிறது. ஆனால் அசுத்தமான தண்ணீரும் சூழலும் மீண்டும் மீண்டும் தாக்கினால் உறிஞ்சிகள் தட்டையாகிவிடும். 1960களில் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் பரவிய ஸ்ப்ரூ என்ற நோயை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் ஆராய்ந்தார்கள். அந்த நோயாளிகள் சாப்பிட்டார்கள். சத்து உடலில் சேரவில்லை. பின்னர் எட்டு நாடுகளில் குழந்தைகளின் குடல் தொற்றையும் வளர்ச்சியையும் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்விலும் வேலூர் ஓர் இடம். ஒரு குழந்தை வளரவில்லை என்றால் தட்டை மட்டும் பார்த்தால் போதாது, குடிக்கும் தண்ணீரையும் பார்க்க வேண்டும் என்பது இந்த ஆராய்ச்சிகள் சொல்லும் பாடம்.

அதே கல்லூரியில் ரோட்டா வைரசைப் பல்லாண்டு ஆராய்ந்தவர் ககன்தீப் காங். இந்தியாவில் உருவான ரோட்டாவாக் தடுப்பு மருந்தின் பெரிய சோதனை நடந்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. 2019இல் காங் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வானார். இந்தியாவில் பணியாற்றிய பெண் விஞ்ஞானிகளில் அந்தச் சிறப்பைப் பெற்ற முதல்வர் அவர். தமிழ்நாட்டு அரசு தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து 2017 முதல் இருக்கிறது. பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

குழாயிலிருந்து குடல்வரை

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. பெயர் ஒன்றானாலும் தண்ணீர் வரும் வழிகள் பல: குழாய், ஆழ்துளைக் கிணறு, லாரி, கேன். கழிவுநீர்த் தொட்டியும் கிணறும் ஒரே மனையில் இருக்கும் வீடுகள் ஏராளம். 2015 பெருமழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது எது குடிநீர், எது கழிவுநீர் என்ற எல்லையே இல்லாமல் போனது. அந்த அளவு வெள்ளம் வேண்டியதில்லை. அருகருகே ஓடும் இரண்டு குழாய்களில் ஒரு விரிசலும், குடிநீர் வராத நேரத்தில் குழாய்க்குள் உண்டாகும் வெற்றிடமும் போதும். சுற்றியுள்ள அழுக்கு உள்ளே இழுக்கப்பட்டுவிடும்.

இதில் உள்ளாட்சியின் கடமை தெளிவானது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். தண்ணீரில் நாற்றமோ கலங்கலோ தெரிந்ததும் தெருவாகச் சேர்ந்து புகார் கொடுப்பதும், அன்றே சோதிக்கக் கேட்பதும் மக்களின் உரிமை.

வீட்டில் செய்ய வேண்டியது அதைவிட எளிது. உலக சுகாதார நிறுவன அளவில் தயாரான ஓ.ஆர்.எஸ். (உப்பு சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் குறைந்தது இரண்டு எப்போதும் அலமாரியில் இருக்கட்டும். வாங்கும்போது கவனம் தேவை. இனிப்புப் பானங்கள் பல ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு விற்கப்பட்டன. அவற்றின் மிகுந்த சர்க்கரை குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தத் தடை விதித்தது. பொட்டலம் கைவசம் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதும். அளவு மாறக் கூடாது. ஒவ்வொரு போக்குக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம்.

வயிற்றுப்போக்கு என்றதும் குழந்தையைப் பட்டினி போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தாய்ப்பால் நிற்கக் கூடாது; உப்பிட்ட கஞ்சி, இட்லி, தயிர்ச்சோறு தொடரலாம். உதிர்ந்த குடல் செல்கள் மறுபடி முளைக்க உணவு வேண்டும். துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுப்பது அந்த வளர்ச்சிக்கு உதவும். எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். போக்கை உடனே நிறுத்தும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்குத் தாமாகக் கொடுக்காதீர்கள்.

கண் குழிவிழுந்தாலும், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும், மலத்தில் ரத்தம் தெரிந்தாலும், குழந்தையோ முதியவரோ மயக்கமாகிக் குடிக்க முடியாமல் போனாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 108 ஆம்புலன்ஸ் வரும்வரையும் போகும் வழியிலும், குடிக்க முடிகிறவருக்குக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.